முகத்துவாரத்தில் விட்ட விரால்

நெட்டுக்குப்பத்தில் பிறந்த பிள்ளைக்கு மீனைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்தத் திமிர் எனக்கு எட்டு வயதிலேயே நிறைய இருந்தது.

புழல் ஏரிக்கரையில் குடியிருந்த மாமா, ஒரு மழைநாள் சாயங்காலம் பக்கெட்டில் உயிரோடு ஒரு விரால் கொண்டுவந்தார். பிரசவம் முடிந்து வந்திருந்த அக்காவுக்கு மறுநாள் குழம்பு வைக்க. கறுப்பாக, பாம்புத் தலையோடு, நிமிஷத்துக்கொரு தரம் மேலே வந்து அது வாயைத் திறந்தது. விரால் அப்படித்தான் மூச்சு விடும் என்று கடல்மீன் மட்டுமே பார்த்த எனக்கு எப்படித் தெரியும்? குழாய்த் தண்ணீரில் உப்பில்லாமல் தவிக்கிறது என்று முடிவு கட்டினேன். விடிந்ததும் யாருக்கும் சொல்லாமல் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டுபோய் ஆற்று முகத்துவாரத்தில் கவிழ்த்தேன். ஒரே துள்ளல், காணோம். புண்ணியம் செய்த பெருமையில் வீட்டுக்கு வந்து நானே சொன்னேன்.

அம்மா துடைப்பத்தைத் தேடினாள். மாமாதான் தடுத்தார். தடுத்தவர் அதோடு சும்மா இருந்திருக்கலாம்.

"அய்யே, அது ஏரி மீனு பாப்பா. உப்புத் தண்ணில வுட்டா செத்துப்பூடும்."

துடைப்பம் பட்டிருந்தால்கூட அப்படி அழுதிருக்க மாட்டேன். காப்பாற்றப் போய்க் கொன்றுவிட்டேனே!

முகத்துவாரத்தில் இறால் பிடிப்பதுதான் அப்பாவுக்குத் தொழில். அவர் என் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனார். முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். எங்கள் ஆட்கள் வலையை இறக்கும் முன் அப்படித்தான் பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு என் நாக்கிலும் இரண்டு சொட்டு விட்டார். பக்கத்து அனல்மின் நிலையத்தின் சாம்பல் வாடை அடித்தது. வேறு ருசி இல்லை.

"உப்பு கரிக்குதா, சொல்லு? மேல ஏரிய தொறந்து வுட்டுகீறாங்க. ஆத்துத் தண்ணி வந்துகினு கீது. உன் மீனு எதிர்த்து ஏறி அது வூட்டுக்குப் பூடும்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவ்வளவு சந்தோஷத்தை அதற்குப் பிறகு எந்தப் பரீட்சையில் பாஸானபோதும் அனுபவித்ததில்லை. அக்காவுக்கு வெறும் பூண்டுக் குழம்புதான் கிடைத்தது. விஷயத்தைக் கேட்டு அவளே சிரித்துவிட்டாள்.

அப்பா அன்று தொழிலுக்குப் போகவில்லை. அந்த வாரம் முழுக்கப் போகவில்லை. மீன் பிழைத்ததைக் கொண்டாடத்தான் வீட்டில் இருக்கிறார் என்று நான் அவர் முதுகில் ஏறிச் சவாரி செய்தேன். உப்பு போன தண்ணீரில் இறால் நிற்காது, கடலுக்கு இறங்கிவிடும். அது தெரிந்தேதான் அவர் என்னைச் சிரிக்க வைத்தார் என்று எனக்கு அப்போது தெரியாது.