கேலிப் பாட்டு கிடைக்காதவர்

எங்கள் அரிமளம் பக்கத்தில் ஒருவரிடம் ரொம்ப மரியாதையாகப் பேசினால், அவர் வெளியூர்க்காரராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அவரை எங்களுக்கு ஆகாது. பிடித்தவர்களுக்கு ஏச்சுதான். பிறந்த குழந்தையைப் பார்க்கப் போனால், "இதென்ன, உரிச்ச கோழியாட்டம் கெடக்கு" என்போம். பெற்றவள் சிரிப்பாள். சிங்கப்பூரிலிருந்து வந்தவனை, "வந்துட்டியா? ஊரு இம்புட்டு நாளா நிம்மதியா இருந்துச்சே" என்று வரவேற்போம். வெளியூரிலிருந்து வாழவந்த பெண்கள் முதலில் கொல்லைப்பக்கம் போய் அழுவார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் எங்களைவிட நன்றாக ஏசுவார்கள்.

கல்யாணத்தில் இதற்கென்று பாட்டே உண்டு. நலங்கு வைக்கும்போது பெண் வீட்டுப் பெண்கள் மாப்பிள்ளையைக் கிழித்துத் தோரணம் கட்ட வேண்டும். அவன் சிரித்தால் எங்கள் ஆள். முறைத்தால் ஆயுசுக்கும் விருந்தாளி. எங்கள் சொந்தத்தில் அந்தப் பாட்டுகளைக் கட்டுகிறவள் நான்தான். என் வாய்க்குப் பயந்து பந்தியில் எனக்கு முதல் இலை போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

என் அண்ணன் மகள் கிளாஸ்கோவில் நர்ஸ். அங்கே ஒரு ஸ்காட்லாந்துக்காரனைப் பார்த்துப் பிடித்துப்போய், இங்கே வந்து தாலி கட்டிக்கொள்வதாகச் சொன்னாள். எனக்கு மகன் இல்லை. இருந்திருந்தால், முறைப்பெண்ணை எப்படி வெளியே கொடுக்கலாம் என்று ஒரு நல்ல சண்டையாவது போட்டிருக்கலாம். அதற்கும் கொடுத்துவைக்காததால் பாட்டு கட்ட உட்கார்ந்தேன்.

அவளுக்கு ஓர் அண்ணன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. தினமும் அமெரிக்காக்காரர்களோடு இங்கிலீஷ் பேசுகிறவன். சின்ன வயதில் அவன் தலைச்சுழியை வைத்து நான் கட்டிய பாட்டைத் தெருவே பாடியது. அவனும் கூடவே பாடிக்கொண்டு ஓடுவான். ஆனால் தன் கல்யாணத்துக்கு முதல் நாள் சென்னை மண்டபத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அத்தை, பொண்ணு வீட்டுக்காரங்க டீசன்டானவங்க. தயவுசெஞ்சு பாட்டு கீட்டுன்னு ஆரம்பிச்சுராதீங்க" என்றான். ஆரம்பிக்கவில்லை. அன்றிலிருந்து குடும்பமே அவனிடம் 'வாங்க தம்பி, இருங்க தம்பி' என்றுதான் பேசுகிறது. தன் சம்பளத்துக்குக் கிடைத்த மரியாதை என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

தங்கை மாப்பிள்ளையைப் பற்றி ஊருக்குச் சொன்னதும் அவன்தான். "டிரான்ஸ்போர்ட் துறையில இருக்காரு" என்றான். மாப்பிள்ளை வந்தபின் கேட்டால் பஸ் டிரைவர். அதைச் சொல்வதில் என்ன கேவலம்? புதுக்கோட்டை பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க அடித்துக்கொள்கிற ஊர் இது. வெட்கப்பட்டவன் அவன் ஒருவன்தான்.

நலங்கன்று மாப்பிள்ளை வேட்டிக்கு மேல் பெல்ட் கட்டிக்கொண்டு, வெயிலில் சிவந்துபோன மூக்கோடு வந்து உட்கார்ந்தான். பெண்ணுக்கு உள்ளே அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. நாங்கள் தொடங்கினோம்.

"சுண்ணாம்பு அடிச்ச சொவரு ஒண்ணு
சூட்கேஸ் தள்ளி வந்திருக்கு
மழை பேஞ்சாக் கரைஞ்சிருமோ
மறுவீடு வரைக்கும் தாங்கிருமோ"

மண்டபம் சிரித்தது. மாப்பிள்ளை பக்கத்தில் மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த அண்ணன் மகன் அவன் காதில் ஏதோ சொன்னான். அதில் 'மூன்' என்ற வார்த்தை மட்டும் எனக்குப் புரிந்தது. எங்கள் பாட்டில் நிலா எங்கே வந்தது?

அடுத்து மூக்கைப் பாடினோம். பெல்ட்டைப் பாடினோம். ஒவ்வொன்றுக்கும் அண்ணன் மகன் பூப்பூவாக எதையோ சொல்ல, மாப்பிள்ளையின் முகம் சுண்டிக்கொண்டே போனது. கடைசியில் தலையை மட்டும் ஆட்டினான். பாடிய பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முறைக்கிறானே, இவனும் விருந்தாளிதான் என்று முடிவுகட்டப் போகிறார்கள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. தூர தேசத்தில் இருக்கப்போகிற பெண். புருஷன் இங்கே ஒட்டவில்லை என்றால் அவளும் வருவதைக் குறைத்துக்கொள்வாள்.

காபி கொடுத்த இடைவெளியில் மாப்பிள்ளை உள்ளே போய்ப் பெண்ணிடம் பேசிவிட்டு வந்தான். அவள் என்னைக் கூப்பிட்டாள். கண் கலங்கியிருந்தது.

"அத்தை, ஒங்க யாருக்கும் அவரப் புடிக்கலையாமே."

"யாரு சொன்னா?"

"அவருதான். எல்லாப் பாட்டுலயும் நீங்க அவரப் புகழ்றதா அண்ணன் சொல்லுதாம். அவங்க ஊருல புகழ்ந்தாலே ஆகாத ஆளுன்னு அர்த்தம் அத்தை. ஏர்போர்ட்டுக்கு வந்த அவங்கம்மா, ஒன் மூஞ்சியப் பாக்காம கொஞ்ச நாளைக்கு என் கண்ணு ரெஸ்ட் எடுக்கட்டும்னு சொல்லித்தான் அனுப்புனாங்க."

அந்த அம்மாளை அந்த நிமிடமே எனக்குப் பிடித்துவிட்டது. பாதி அலங்காரத்தில் இருந்தவளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "நீ சொல்லு. ஒரு வார்த்தை கொறையக் கூடாது" என்று சொல்லி, சுவர்ப் பாட்டை மறுபடி எடுத்தேன்.

அவள் சொல்லச் சொல்ல மாப்பிள்ளையின் முகம் மாறியது. 'மறுவீடு வரைக்கும் தாங்கிருமோ' வந்ததும் பிளாஸ்டிக் நாற்காலி நெளிகிற அளவுக்குச் சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். என்னைக் கைகாட்டி, தொடையில் தட்டித் தாளம் போட்டு, அவனும் ஒரு பாட்டை எடுத்துவிட்டான்.

நாங்கள் எல்லோரும் எங்கள் இங்கிலீஷ் புலியான அண்ணன் மகனைப் பார்த்தோம். அவன் விழித்தான். "இது இங்கிலீஷே இல்ல அத்தை" என்றான்.

தங்கைக்கு அந்த ஊர்ப் பேச்சு புரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டே சொன்னாள். "சின்னப் புள்ளையில பாடுற பாட்டாம். தெருக்கோடி வீட்டுக் கெழவி வாயத் தொறந்தா கோழியெல்லாம் முட்டை போட மறந்துருமாம். அந்தக் கெழவி நீங்கதானாம் அத்தை."

"எடுபட்ட பயலே, எங்கிட்டு இருந்துடா வந்தே நீயி" என்று அவன் கன்னத்தில் சந்தனத்தை அப்பினேன். அதை யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவனுக்குத் தேவைப்படவும் இல்லை. அதற்குப் பிறகு பாட்டை நிறுத்த சமையல்காரர் வந்து சத்தம் போட வேண்டியிருந்தது.

பந்தியில் மாப்பிள்ளை இலைக்கு ஆளாளுக்கு ஏச்சும் அப்பளமும் போய்க்கொண்டிருந்தன. எதிர் வரிசையில் அண்ணன் மகன் இலையில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. நான் பாயச வாளியோடு அவன் எதிரில் போய் நின்றேன்.

"ஏன் அத்தை, என்னைய யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறீங்க?" என்று இலையைப் பார்த்தபடி கேட்டான்.

"நீங்கதானே தம்பி வேணாம்னீங்க."

இலையோரத்து உப்பை விரலால் தள்ளினான். பிறகு, "அந்தச் சுழிப் பாட்டு ஞாபகம் இருக்கா? இப்பப் பாடுங்க" என்றான். குரலில் விளையாட்டு இல்லை.

முழுப் பாட்டும் ஞாபகம் இருந்தது. குனிந்திருந்த தலையில் அந்தச் சுழியும் அப்படியே இருந்தது. எனக்கு வலித்தது. அவனைப் பாட எனக்கு ஆசைதான். வாயைத் திறந்தேன். கேட்டு வாங்கிக்கொள்கிறவனை எப்படிக் கேலி செய்வது என்று தெரியவில்லை.

"இன்னொரு கரண்டி வைக்கட்டுங்களா தம்பி?" என்று கேட்டேன்.