ஓய்வு என்கிற கட்டம்

இரண்டாம் ஆண்டில் எனக்குக் கால் ஓர் இடத்தில் நிற்காது. வகுப்பில் உட்கார்ந்தால் மேசைக்கடியில் தொடை ஆடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவள் முறைப்பாள். நான் இடம் மாறி உட்காருவேன், அங்கேயும் ஆடும். பையில் ஒரு விண்ணப்பம் கிடந்தது. பொருளியலை விட்டுவிட்டுக் கணக்கியலுக்கு மாறுவதற்கான விண்ணப்பம். எல்லாம் எழுதியாயிற்று, கையெழுத்து மட்டும் பாக்கி. கடைசி நாள் வியாழக்கிழமை.

என் ஊர் லாயாங் லாயாங்கில் விடிவதற்கு முன்பே தொழிற்சாலை பஸ் வந்து பெண்களை அள்ளிக்கொண்டு போகும். என் அம்மாவும் அதில்தான் போவார். அப்பா சிங்கப்பூரில் வேலை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வீடு. இத்தனை பேர் இப்படி ஓடியும் ஏன் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை என்பதைப் பொருளியல் சொல்லிக்கொடுக்கும் என்று நம்பித்தான் ஜொகூர் பாருவுக்குப் படிக்க வந்தேன். விரிவுரையாளர் என்ன செய்தார் தெரியுமா? பலகையில் ஒரு கோடு போட்டு, இதுதான் இருபத்து நான்கு மணி நேரம் என்றார். சம்பளத்துக்கு உழைக்கிற நேரத்தை அதில் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சம் முழுவதும் 'ஓய்வு' என்று எழுதினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விண்ணப்பத்தை அன்று மாலைதான் எழுதினேன்.

அந்தக் கோட்டைச் சோதிக்கத்தான் அடுத்த பயிற்சி. வீட்டில் ஒருவரின் விடுமுறை நாளை அரை மணி அரை மணியாகக் கட்டங்களில் பதிய வேண்டும். நான் தாளை அம்மாவுக்கு அனுப்பி, நீங்களே நிரப்புங்கள் என்று சொல்லிவிட்டேன். அங்கேதான் தப்பு செய்தேன்.

எங்கள் வீடுகளில் போராங் என்று ஒரு படிவம் வந்தால் உண்மை என்ன என்று யாரும் யோசிப்பதில்லை. இதை யார் பார்க்கப்போகிறார்கள் என்றுதான் யோசிப்பார்கள். அரசாங்க உதவிக்கான போராங் என்றால் நன்றாக ஓடுகிற மோட்டார் சைக்கிளும் பழுதாகிவிடும். பள்ளிக்கூடத்துப் போராங் என்றால் இரண்டு அறை வீட்டில் பிள்ளை படிக்கத் தனி அறை முளைத்துவிடும். வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய் அம்மா நிரப்பிய தாளைப் பார்த்தேன். மணி மணியான எழுத்து. பத்து மணி, ஓய்வு. பத்தரை, ஓய்வு. பதினொன்று, பேப்பர் படித்தேன்.

“நம்ம வீட்டுக்குப் பேப்பரே வராதேம்மா!”

“கத்தாதடி. உன் லெக்சரர் பாப்பாங்கல்ல? உக்கார நேரமில்லன்னு எழுதினா யார பேசுவாங்க? இவ்ளோ பெரிய பொண்ண வச்சிக்கிட்டு அம்மா ஒண்டியா கஷ்டப்படுதுன்னு உன்னத்தான் பேசுவாங்க.”

மறுநாள் அம்மாவுக்கு லீவு. புதுத் தாளை எடுத்துக்கொண்டு விடிந்ததிலிருந்து அவர் பின்னாலேயே திரிந்தேன்.

“அலமாக், போலீஸ் மாதிரி பின்னாலயே வருது பாரு” என்று அம்மா சிரித்தார்.

துணி இரண்டு நடை. மீன் கழுவல். விடுதிக்கு நான் கொண்டுபோக நெத்திலி சம்பல், அது ஆறுவதற்குள் குளியலறை தேய்ப்பு. நான் உதவிக்கு எழுந்தால், “நீ உக்காந்து எழுது, மார்க் போயிடப் போவுது” என்று விரட்டினார். இரண்டரைக்கு விசிறிக்கு நேராக உட்கார்ந்து டிவியைப் போட்டார். அப்பாடா என்று ஆசையாக 'ஓய்வு' எழுதினேன். பார்த்தால் மடியில் நான் வகுப்புக்குப் போடும் பாஜு கூரோங் உடுப்பு, விளிம்பைத் தைத்துக்கொண்டிருக்கிறார். அழித்தேன். நாலு மணிக்குச் சோபாவில் சாய்ந்தார், கண்ணும் மூடியது. நாலே நிமிடத்தில் மழை இறங்கிவிட்டது. கொடியில் கிடந்த துணியை எடுக்க ஓடினார். அந்த நாலு நிமிடத்தைப் போட அரை மணிக் கட்டத்தில் எங்கே இடம்? அன்றைக்கு முழுக்க அந்த வீட்டில் ஓய்வாக இருந்தது நான் ஒருத்திதான். வெட்கமாக இருந்தது.

ஜொகூரில் அப்போது வெள்ளி, சனிதான் விடுமுறை. ஞாயிறு காலை தாளைக் கொடுத்தேன். புதன்கிழமை திரும்பி வந்தது. சிவப்பு மையில் ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு குறிப்பு: விடுமுறை நாளில் ஓய்வே இல்லை என்பது நம்பும்படி இல்லை, இவரை நீக்கிவிட்டு வேறு ஒருவரைப் பதியவும்.

பஸ் நிறுத்தத்தில் நின்று அம்மாவின் சாப்பாட்டு நேரத்தில் போன் போட்டேன். சிவப்பு மையில் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டினேன்.

“நான் எழுதுனதையே குடுத்திருந்தா பேசாம மார்க் போட்டிருப்பாங்க லா” என்றார் அம்மா.

அவர் சொன்னது சரிதான். அதுதான் இன்னும் எரிந்தது. “நான் இந்தப் படிப்பையே விட்டுட்டு அக்கவுண்ட்ஸ்க்கு மாறப்போறேம்மா. நாளைக்குத்தான் கடைசி நாள்.”

“உன் இஷ்டம். சரி, அந்தப் பேப்பர என்ன பண்ணுவாங்க?”

“கணக்குலேருந்து எடுத்துடுவாங்க.”

“அப்ப அன்னிக்கு நான் செஞ்சது எதுவும் இல்லன்னு ஆயிடுமா?” என்று கேட்டார். தொழிற்சாலை கேன்டீனில் மணி அடித்தது. “சரி, வைக்கிறேன், லைனுக்குப் போவணும்.”

இரவு முழுக்கப் புரண்டேன். வியாழக்கிழமை காலை பதிவு அலுவலகத்துக்குத்தான் கிளம்பினேன், விண்ணப்பமும் கையில்தான் இருந்தது. பாதி வழியில் அதைக் கையெழுத்துப் போடாமலே பையில் திணித்துவிட்டு, திரும்பி மாடி ஏறி விரிவுரையாளரின் கதவைத் தட்டினேன். வட்டம் போட்ட தாளை அவர் மேசையில் வைத்தேன். வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று கேட்டார்.

“இது என் அம்மா” என்றேன். “நீக்க மாட்டேன்.”