டம்ளரில் பிடித்த ஏரித் தண்ணீர்

கொல்கத்தாவில் லேக் கார்டன்ஸ் பகுதியில் வசிக்கிறேன். எங்கள் அலுவலக ஊழியர்கள் சிலர் சனிக்கிழமைகளில் பக்கத்துப் பள்ளிக்குப் போய் மாணவிகளுக்கு அறிவியல் சோதனைகள் செய்து காட்டுகிறோம்.

அன்று மணலும் கரியும் நிரப்பிய பாட்டிலில் ஏரித் தண்ணீரை ஊற்றினேன். பச்சையாக இருந்த நீர் தெளிந்து இறங்கியது. அதைப் பிடிக்க வீட்டிலிருந்து எவர்சில்வர் டம்ளர் கொண்டுபோயிருந்தேன். "பாருங்க, எவ்வளவு சுத்தம்" என்று சொல்லிவிட்டு, கரும்பலகையில் படம் வரையத் திரும்பினேன். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது.

"குடிச்சுட்டு, மீன் வாசனை வருதான்னு சொல்லுடி" என்று ஒருத்தி வங்காள மொழியில் சீண்டினாள். ரியா என்ற மாணவி டம்ளரை உதட்டருகே கொண்டுபோயிருந்தாள். பாய்ந்து அவள் கையைப் பிடித்தேன். தண்ணீர் அவள் சீருடையில் கொட்டியது.

"டம்ளர்ல குடுத்தா குடிக்கத்தானே, ஆன்ட்டி? இவ்வளவு தெளிவா இருக்கே, இன்னும் என்ன இருக்கு இதுல?"

கிருமி என்றேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை. அடுத்த வாரம் நுண்ணோக்கி கொண்டுபோனோம். வடிகட்டிய துளிக்குள் ஏதோ நீந்திக்கொண்டிருந்தது. ரியா வெகுநேரம் யாருக்கும் இடம் விடவில்லை.

இப்போது வடிநீரைக் கண்ணாடி ஜாடியில்தான் பிடிக்கிறேன். சுத்தமா இல்லையா என்று நான் சொல்வதில்லை. நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு மாணவிகள் சொல்கிறார்கள்.