இறக்கை முட்டிய மூன்று இடங்கள்

போன மழைக்காலத்தில் இராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு தென்னந்தோப்பை அளக்கப் போன இடத்தில், வரப்பு வழுக்கி விழுந்து கணுக்கால் எலும்பை முறித்துக்கொண்டேன். நான் நில அளவையர். வெயிலில் நடந்தே பழகியவன். காலில் மாவுக்கட்டுடன் ஆறு வாரம் வீட்டில் கிடக்கவேண்டியதாகிவிட்டது.

துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த மச்சினன் என்னைப் பார்க்க வந்தபோது ஒரு பெரிய பெட்டியைக் கையில் கொண்டுவந்தான். கடல் நீரைக் கிழித்துக்கொண்டு எழும்பும் நான்கு எஞ்சின் விமானம் ஒன்று அதன் மேல் படமாக இருந்தது. உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் துண்டுகள்தான்.

"அத்தான், சும்மா கெடந்து செல்போன நோண்டாதீங்கோ. இதெல்லாம் ஒட்டிச் சேத்தா விமானமாயிரும்," என்றான்.

முதல் சில நாட்கள் எனக்கு வேறு நினைப்பே இல்லை. விமானியின் இருக்கை ஓர் அரிசி அளவுதான். அதிலும் வார்ப்பட்டை செதுக்கியிருந்தார்கள். பூதக்கண்ணாடியில் அதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தேன்.

வம்பு விமானத்தின் உடலில் தொடங்கியது. இரண்டு பாதிகளும் வாழைப்பழம்போல வளைந்திருந்தன. ரப்பர் வளையங்களை இறுக்கிப் போட்டு எப்படியோ ஒட்டினேன். அடுத்தது இறக்கை. வலது இறக்கையைச் செருகினால் முன்பக்கம் இடித்தது, பின்பக்கம் என் நகம் நுழையும் அளவுக்கு வாய் பிளந்தது. இறக்கையின் விளிம்பு முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்தேன். பிளவு கூடியது. மறுபடி தேய்த்தேன். இன்னும் கூடியது. இரண்டு நாள் இப்படியே போயிற்று.

"செஞ்சவனுக்கு அளக்கத் தெரியல," என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் இறக்கையை வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். "இனி தேய்க்காதீங்கோ. நாளைக்கிப் பாப்போம்," என்றாள்.

நாகர்கோவிலில் பல்செட் செய்யும் கூடம் ஒன்றில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறாள் என் மனைவி. பல் மருத்துவர்கள் நோயாளிகளின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சுக்கு இவர்கள் பல் கட்டித் தருவார்கள். காலையில் பஸ் ஏறிப் போய், சாயங்காலம் புருவத்தில் வெள்ளைப் பொடியோடு திரும்புவாள். அந்த வேலையைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மறுநாள் சாயங்காலம் அவள் கைப்பையிலிருந்து ஒரு துண்டு நீலத் தாளை எடுத்தாள். கார்பன் தாளைப்போல மெல்லியது. அதை இறக்கைக்கும் உடலுக்கும் நடுவில் வைத்து, ஒரே ஒரு தடவை அழுத்தி எடுத்தாள். இறக்கையின் விளிம்பில் மூன்று நீலப் புள்ளிகள்.

"பாத்தியளா? மூணு எடத்துலதான் முட்டுது. மத்த எடமெல்லாம் சும்மா கெடக்கு. நீங்க சும்மா கெடந்ததத்தான் தேய்ச்சிருக்கிய."

குண்டூசித் தலைபோன்ற ஒரு அரத்தை விரலால் உருட்டி, அந்த மூன்று புள்ளிகளை மட்டும் சுரண்டினாள். மறுபடி தாள், மறுபடி புள்ளி. நாலாவது தடவை இறக்கை "டக்" என்று உட்கார்ந்தது. நான் அசைத்துப் பார்த்தேன்; ஆடவில்லை.

"எப்பிடிட்டி?"

"பல்லுக்கும் இதான். டாக்டருமாரு இந்தத் தாளக் கடிச்சுப் பாக்கச் சொல்லுவாவ. எங்க நீலம் ஒட்டுதோ அங்க மட்டும் கொறைக்கணும்."

நான் தேய்த்துக் கெடுத்த இடத்தை நிரப்ப, பல்செட்டின் ஈறு செய்யும் பொடியையும் திரவத்தையும் கொண்டுவந்திருந்தாள். மிச்சமிருந்த ஒரு பிளாஸ்டிக் குச்சியில் முதலில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். குச்சி இளகியது. "இவ்வளவு நீர்ப்பா ஆகாது," என்று பொடியைக் கூட்டிக் குழைத்து, நூல்விடும் பதம் போய் மாவுப் பதம் வரும்வரை காத்திருந்து, பிளவில் அப்பினாள். சாம்பல் நிற விமானத்தின் இடுப்பில் ரோஸ் நிறத்தில் ஈறு முளைத்தது. இருவரும் சிரித்துவிட்டோம்.

அது இறுகும்வரை அவள் பேசிக்கொண்டிருந்தாள். முட்டத்தில் மீன் விற்கும் ஒரு அம்மாவுக்குப் பல்செட் செய்தார்களாம். சாப்பிடுவதற்குக் குறையில்லை; கூவி விற்கும்போதுதான் நழுவியது. இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாவது தடவை இவளே புதிதாகச் செய்தாள். ஒரு வாரம் கழித்து அந்த அம்மா கூடத்துக்கே வந்துவிட்டாராம்.

"வாசல்ல நின்னு, 'சாளே... சாளே...'ன்னு மீனு விக்குற கூவு. உள்ள எல்லாரும் பதறிட்டோம். பெறவு வாயத் தொறந்து காட்டுகா, பல்லு அனங்கவே இல்ல, ஒட்டுனாப்புல இருந்துது."

"எங்கிட்ட நீ சொன்னதே இல்லியே?"

"நீங்க கேக்கலியே," என்றாள் சாதாரணமாக.

வர்ணம் அடித்து முடித்த அன்று, விமானத்தை மேசையில் வைத்து அவளைக் கூப்பிட்டேன். குனிந்து முன்னாலிருந்து பார்த்தாள்.

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. ஆனா வலது எறக்க ஒரு மயிரிழ தாந்து இருக்கு."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விடாப்பிடியாக இரும்பு அளவுகோலை எடுத்து, இரண்டு நுனிகளையும் மேசையிலிருந்து அளந்தேன். வலது நுனி ஒரு மில்லிமீட்டர் தாழ்ந்துதான் இருந்தது. ஊர் நிலத்தையெல்லாம் அளக்கிற நான் அந்த அளவுகோலைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கட்டுப் பிரித்த மறுநாள், ஊன்றுகோலோடு அவளுடன் பஸ் ஏறி அந்தக் கூடத்துக்குப் போனேன். சுவர் நெடுக வெள்ளை அச்சுகள். யார் யாருடைய வாய்களோ. அவள் தன் இடத்தில் உட்கார்ந்து, ஒன்றைக் கையில் எடுத்து, ஒரு கண்ணை மூடினாள். மூலையில் ஒரு ஸ்டூல் கிடந்தது. அதை இழுத்துப் போட்டுக்கொண்டு, மத்தியானம் வரை அவள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.