மழை மேல் போட்ட பழி

ரோஸ்லின் அக்காவின் மூன்று வார உழைப்பை அழித்தவன் நான்தான். மழை அல்ல. செமோர் பக்கத்து இணைய லைனும் அல்ல. நான்!

இதை உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியமாட்டீர்கள் என்பதால்தான் இந்தத் துணிச்சலோ?

மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். டயாலிசிஸ் நிலையங்களில் எந்த நோயாளிக்கு எந்த நேரம், எந்த நாற்காலி என்று சொல்லும் மென்பொருளை நானும் அக்காவும் எழுதிக்கொண்டிருந்தோம். நான் அலுவலகத்தில், அவர் செமோருக்கு அப்பால், பழைய ரப்பர் தோட்டத்து வீட்டில். பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவரை நாள் முழுக்கத் தனியே விட முடியாதவர். வீட்டிலிருந்தே செய்யும் அந்த ஒரு வேலையில்தான் அவர்கள் வாழ்க்கை நின்றது.

எழுதிய நிரலை இருவரும் அலுவலக சர்வரிலுள்ள பொதுக் கிடங்கில் சேர்க்க வேண்டும். அக்கா வீட்டில் லைன் கிடைக்காது. பக்கத்துத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் மடிக்கணினியோடு ஏறி நின்று அனுப்புவார். பிறகு எனக்கொரு குரல் செய்தி வரும்: "வந்துச்சா தம்பி?" வெயில் நாட்களில் அவர் குரலுக்குப் பின்னால் ரப்பர்க் காய்கள் வெடிக்கும். அதைக் கேட்டபடியே எங்கோ மிதந்துகொண்டிருப்பேன்... மழை நாட்களிலோ, என் சன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக் குன்றுகள் மூட்டத்தில் பாதி கரைந்து நிற்கும். வேலை எது, கனவு எது என்று பிரித்துப் பார்க்க அந்நாட்களில் எனக்குத் தோன்றவேயில்லை.

அந்த மிதப்பில்தான் தப்பு செய்தேன். மழை வந்தால் எங்கள் அலுவலக லைனும் விட்டு விட்டு வரும். நான் அனுப்புவதைச் சில நேரம் கிடங்கு ஏற்காது. ஏன் என்று திரையில் எழுதியும் காட்டும். யார் படிப்பது? லைன் கோளாறு என்று நானே முடிவு கட்டினேன். மறுத்தாலும் விடாதே, திணித்துவிடு என்று ஒரு குட்டிக் கட்டளை எழுதி, தினமும் மாலை ஐந்து மணிக்குத் தானாக ஓடும்படி வைத்துவிட்டு மறந்தும் போனேன்.

அக்கா மூன்று வாரமாக எழுதியதைச் சேர்த்து ஒரு நாள் நான்கு மணிக்கு அனுப்பினார். மறுநாள் காலை கிடங்கில் அது இல்லை! மீண்டும் அனுப்பினார். மீண்டும் காணோம்.

"வந்துச்சுன்னு காட்டுச்சே தம்பி! எனக்குத்தான் புத்தி கலங்கிருச்சா? தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போகணும் போல லா" என்று சிரித்தார். நானும் கூடச் சிரித்தேன்... சிரித்தேனே!

கோளாறைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை முதலாளி என்னிடமே கொடுத்தார். எங்கள் தொழிலில் எல்லாரும் முதலில் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "உங்க கம்ப்யூட்டர்ல இருக்கிற காப்பியை முழுக்க அழிச்சிட்டு, சர்வர்ல இருந்து புதுசா இறக்குங்கக்கா." நம்பி அழித்தார். இறங்கியதில் அவர் எழுதிய ஒரு வரிகூட இல்லை.

அன்று மதியம்தான் சர்வரின் பதிவேட்டைத் திறந்தேன். ஒவ்வொரு நாளும், சரியாக ஐந்து மணிக்கு, என் பெயர். கிடங்கு மறுத்ததற்கு மழை காரணமே அல்ல. 'இங்கே இன்னொருவர் எழுதியது இருக்கிறது, முதலில் அதை வாங்கிக்கொள்' என்றுதான் அது கெஞ்சிக்கொண்டிருந்தது. அதன் மேல்தான் என்னுடையதைத் திணித்து, அவருடையதைத் தள்ளிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இதோடு முடிந்திருந்தால் இதைத் தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் தள்ளப்பட்ட நிரலை சர்வர் உடனே தொலைப்பதில்லை. சில வாரம் ஒரு மூலையில் வைத்திருந்து, அப்புறம்தான் கூட்டித் தள்ளும். அது அங்கே இருப்பதை என் கண்ணால் பார்த்தேன். பத்து நிமிட வேலை! எடுத்துக் கொடுத்தால், யார் தள்ளியது என்று கேட்பார்களே... என் கட்டளையை மட்டும் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு முதலாளியின் அறைக்குப் போனேன்.

"எஸ்டேட் லைன்தான் பாஸ். மழை வந்தா பாதி போகும், பாதி போகாது. சூசா லா, ரொம்பக் கஷ்டம்."

அப்படியானால் அக்கா தினமும் அலுவலகத்துக்கு வரட்டும் என்றார் அவர். அக்காவால் எப்படி முடியும்? வேலையை விட்டுவிட்டு, மாதக் கடைசியில் மடிக்கணினியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். "எனக்காக எவ்வளவு மெனக்கெட்டீங்க தம்பி. மறக்கவே மாட்டேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த நிமிடமும் நிரல் சர்வரில்தான் இருந்தது. சொல்ல வாயெடுத்தேனா? இல்லை. சர்வர் அதைக் கூட்டித் தள்ளும் நாளுக்காகக் காத்திருந்தேன். தள்ளியது. நிம்மதியாக இருந்தது. ஆம்... நிம்மதிதான்!

இப்போது அக்கா வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகைகள் தட்டச்சு செய்கிறார். பிழை பார்க்க, அதே மேட்டில் ஏறி எனக்கு அனுப்புவார். ஒரு பக்கம்தான் இருக்கும். மூன்று முறை அனுப்பியிருப்பார். தான் அனுப்பியது போய்ச் சேரும் என்ற நம்பிக்கையே அவருக்குப் போய்விட்டது.

இன்று பிற்பகல் எல்லாவற்றையும் அவருக்கு எழுதினேன். ஒரு வரி மறைக்கவில்லை. அனுப்பும் பொத்தான் மேல் விரலை வைத்தேன். செமோர் பக்கம் வானம் கறுத்து, குன்றுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. இந்த மழையில் அங்கே லைன் இருக்காது என்று சொல்லிக்கொண்டு, எழுதியதை அழித்தேன்.

போன் சிணுங்கியது. அந்த மழையிலும் தெளிவாக வந்து சேர்ந்திருந்தது அக்காவின் குரல்.

"பத்திரிகை அனுப்பியிருக்கேன்... வந்துச்சா தம்பி?"