வன்னியபெருமாள் சொல்லாத பெயர்

வன்னியபெருமாள் வீட்டு வாசலிலிருந்து தங்கை பாலம்மாள் வீட்டு வாசலுக்கு முப்பத்திரண்டு எட்டு. அந்த முப்பத்திரண்டு எட்டையும் இந்த ஒன்பது வருஷத்தில் அவர் ஒரே ஒரு தடவைதான் நடந்திருக்கிறார்.

வயது நாற்பத்தெட்டு. ஊர், கயத்தாறுக்குக் கிழக்கே பஸ்ஸை விட்டு இறங்கி ஒன்றரை மைல். ஐந்து ஏக்கர் கரிசல். மழை பெய்தால் பருத்தி, உளுந்து. பெய்யாவிட்டால் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி இறக்கப் போவார். தாயும் தகப்பனும் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். ஏழு வயது இளையவளான பாலம்மாளை வளர்த்தவர் அவர்தான். அவளுக்குப் பிறந்த வீடு என்றால் அண்ணன் ஒருவர்தான்.

அவளைக் கட்டிக்கொடுத்ததும் கட்சி வழியாகத்தான். சங்கிலிப்பாண்டியும் வன்னியபெருமாளும் ஒரே சைக்கிளில் கோவில்பட்டிக் கூட்டங்களுக்குப் போனவர்கள். போகும்போது ஒருவர் மிதிப்பார், வரும்போது மற்றவர். 1966இல் ஐயர் இல்லாமல், கட்சிப் பேச்சாளர் தலைமையில் கல்யாணம் நடந்தது. சங்கிலிப்பாண்டி மேடை ஏறினால் பெண்ணுரிமைதான் பேசுவார். புருஷன் பேரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்பதெல்லாம் மூடத்தனம் என்பார். வீட்டில் அது எடுபடவில்லை.

"எங்க, எம் பேரச் சொல்லு பாப்போம்."

"சோறு ஆறுது. தின்னுட்டுப் போய் ஊருக்குச் சொல்லுங்க."

சங்கிலி என்ற சொல்லையே அவள் வாயில் எடுப்பதில்லை. கிணற்றடியில் பெண்கள் வேண்டுமென்றே கேட்பார்கள், "ஏட்டி பாலம்மா, வாளியக் கட்டியிருக்கது என்னது?" "இரும்புக் கயிறு" என்பாள். கிணற்றடியே சிரிக்கும். 1971 தேர்தலில் வாக்குச்சாவடி அதிகாரி அவளிடம் புருஷன் பெயரைக் கேட்டபோது, கட்சி ஏஜென்டாக உள்ளே உட்கார்ந்திருந்த வன்னியபெருமாள்தான் எழுந்து சொன்னார்: "சங்கிலிப்பாண்டி சார். இது எந் தங்கச்சி."

அடுத்த வருஷம் கட்சி உடைந்தது. சங்கிலிப்பாண்டி பழைய கட்சியில் நின்று கிளைச் செயலாளர் ஆனார். வன்னியபெருமாள் புதுக் கட்சிக்குப் போனார். ஊரில் இரண்டு கொடிக்கம்பம், இரண்டு டீக்கடை. ஒரு கடையில் குடித்தவன் மறு கடையில் கால் வைப்பதில்லை. மாப்பிள்ளையும் மச்சானும் பேச்சை நிறுத்தினார்கள். பாலம்மாள் மட்டும் நிறுத்தவில்லை. கருவாட்டுக் குழம்பு வைத்தால், அண்ணன் சீரில் கொடுத்த கிண்ணத்தில் கொஞ்சம் அண்ணன் வீட்டுக்குப் போகும். மறுநாள் அதே கிண்ணத்தில் அண்ணன் மனைவி பாண்டியம்மாள் கத்தரிக்காயோ மொச்சையோ போட்டுத் திருப்பி அனுப்புவாள். சங்கிலிப்பாண்டி அதைத் தடுத்ததில்லை. "குழம்புக்கு என்ன கட்சி" என்பார்.

வன்னியபெருமாளின் கட்சிக்காரர்களுக்கு அந்தக் கிண்ணம் உறுத்தியது. 1977 ஜூன் மாதம், சட்டமன்றத் தேர்தல். வாக்குப்பதிவுக்கு முந்தின வாரம் புதுக் கட்சியின் கொடிக்கம்பத்தை யாரோ அறுத்துப் போட்டார்கள். கம்பத்துக்குக் காவல் இல்லாத நேரம் எதிரிக்கு எப்படித் தெரிந்தது என்று பேச்சு வந்தது. பேச்சு வன்னியபெருமாள் வாசலில் வந்து நின்றது. வாக்குப்பதிவு அன்று காலையில் ஒன்றியப் பொறுப்பாளர் ராமசுப்பு பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் அவரை நிறுத்தினார்.

"அண்ணாச்சி, ஏஜென்டா உம்மைப் போடவேண்டாம்னுதான் எல்லாரும் சொன்னாவ. நாந்தான் பொறுப்பேத்துருக்கேன். உள்ள உக்காந்துகிட்டு மாப்பிள வீட்டு ஓட்டுக்கெல்லாம் தலையாட்டிட்டு இருக்காதீரும்."

"நான் ஏன் ஆட்டப்போறேன்?"

"குழம்பு வந்த வீடுல்லா. அதான் சொல்லுதேன்."

பதினோரு மணிக்குப் பாலம்மாள் வந்தாள். பட்டியலில் அவளுடைய வயது முப்பத்தொன்றுக்குப் பதில் அறுபத்தொன்று என்று அச்சாகியிருந்தது. வெளியூர் வாத்தியாரான வாக்குச்சாவடி அதிகாரி பட்டியலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். காலையிலேயே இரண்டு கள்ள ஓட்டுத் தகராறைப் பார்த்திருந்த மனிதர்.

"வயசு அறுபத்தொண்ணுன்னு போட்டிருக்கு. உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

பாலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தாள். "எங்கண்ணன் இங்கனதான இருக்காவ. அவியகிட்ட கேளுங்க."

அதிகாரி திரும்பினார். "இந்த அம்மா யாருன்னு தெரியுமா?"

வாசல் நிலையில் சாய்ந்து ராமசுப்பு நின்றிருந்தார். வன்னியபெருமாள் அவரைப் பார்த்தார். பிறகு கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார்.

"தெரியாது சார்."

பக்கத்தில் இருந்த பழைய கட்சி ஏஜென்ட் தங்கச்சாமி எழுந்துவிட்டார். "கூடப் பிறந்தவளத் தெரியாதாவே? சார், இது எங்க செயலாளர் சம்சாரம்."

"உங்க ஓட்டுக்கு நீங்களே சாட்சியா? உட்காருங்க" என்றார் அதிகாரி. "அம்மா, பேரைச் சொல்லுங்க. இல்லைன்னா போலீசைக் கூப்பிட வேண்டி வரும்."

பாலம்மாள் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் தலை நிமிரவில்லை. கடைசியில் அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்தாள்.

"சங்கிலிப்பாண்டி."

"கேக்கலை. சத்தமாச் சொல்லுங்க."

இரண்டாவது தடவை வெளியே வேப்பமரம் வரைக்கும் கேட்டது என்கிறார்கள். அவள் விரலில் மை வாங்கி, ஓட்டுப் போட்டு, யாரையும் பார்க்காமல் போனாள். நேராகக் கிணற்றுக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரச் சேலையோடு வீட்டுக்கு நடந்தாள்.

சங்கிலிப்பாண்டி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பதினோரு வருசமா என்னால ஆகல. மச்சான் ஒரு நிமிசத்துல சொல்ல வச்சுட்டாரு" என்று டீக்கடையில் சிரித்தார். அன்று குழம்புக் கிண்ணம் பாலம்மாள் வீட்டில் இருந்தது. மறுநாள் அவள் அதைத் தேய்த்துக் கழுவி, வெறுமனே அண்ணன் வீட்டு நடையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

இரண்டு வருஷம் கழித்து, 1979 கார்த்திகையில், கோவில்பட்டிக் கூட்டம் முடிந்து சைக்கிளில் திரும்பிய சங்கிலிப்பாண்டியைக் கயத்தாறு ரோட்டில் லாரி அடித்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே உயிர் போய்விட்டது.

வன்னியபெருமாள் முப்பத்திரண்டு எட்டு நடந்தது அன்றுதான். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரவேண்டும். அவர் சேலையோடு போனார். பாடையில் பழைய கட்சியின் கொடி போர்த்தியிருந்தது. அவருடைய வேட்டியில் புதுக் கட்சியின் கரை. சாவு வீட்டுக்கு மாற்று வேட்டி கட்டிப்போக அவருக்குத் தோன்றவில்லை. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. பாலம்மாள் அதைக் கவனிக்கவில்லை. சேலையை மட்டும் பார்த்தாள்.

"யாருக்குக் கொண்டு வந்தீங்க? நான் யாருன்னே உங்களுக்குத் தெரியாதே."

"பாலம்மா..."

"ரெண்டு மட்டம் அவிய பேரச் சொல்ல வச்சீங்க. ரெண்டு வருசத்துல போயிட்டாவ."

அவர் சேலையை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டு திரும்பினார். அடுத்த வருஷம் அவள் மகள் செண்பகவல்லி பெரியவளானபோது, தாய்மாமன் கட்டவேண்டிய ஓலைக் குச்சிலை அண்டை வீட்டுக்காரர் கட்டினார்.

வன்னியபெருமாள் அதற்குப் பிறகு எந்தத் தேர்தலிலும் ஏஜென்டாக உட்காரவில்லை. கட்சியை விட்டும் விலகவில்லை. அதையும் விட்டால் எதற்காக அப்படிச் சொன்னோம் என்றாகிவிடும் என்று பாண்டியம்மாளிடம் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். கேட்பவர்களிடம் அவர் சொல்வது இவ்வளவுதான்: "வாயில வந்துட்டு. மறுபடி உள்ள இழுக்க முடியல."

ராமசுப்பு கட்சியை விட்டுவிட்டார். 1984 தேர்தலில் இடம் கிடைக்கவில்லை என்று பழைய கட்சிக்கு மாறினார். இப்போது அங்கேயும் ஒன்றியத்தில் பதவி.

இந்த வருஷம், 1986 ஆவணியில், செண்பகவல்லிக்குக் கல்யாணம். தாய்மாமன் மாலை போட்டு, கையைப் பிடித்துப் பந்தலுக்கு அழைத்து வரவேண்டும். வன்னியபெருமாள் உளுந்து விற்ற பணத்தில் கோவில்பட்டி பஜாரில் மாம்பழ நிறத்தில் ஒரு பட்டு எடுத்து வைத்துக்கொண்டு, பக்கத்துத் தெரு மீனாட்சியம்மாளைத் தூது அனுப்பினார். பாலம்மாள் மிளகாய் வற்றல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"தாய்மாமன் இல்லாம என்னட்டி கல்யாணம்? உங்கண்ணன் ராவும் பகலும் அதே நெனப்பா இருக்காரு."

"ஆளு சொல்லியாச்சு மதினி. கட்சியில இருந்து ராமசுப்பு அண்ணாச்சி வந்து மாலை போடுதேன்னுருக்காவ."

"எந்த ராமசுப்பு? அன்னைக்கு வாசல்ல நின்னுகிட்டு உங்கண்ணனை மிரட்டுனவனா?"

"அவியதான்."

"உனக்குப் புத்தி கித்தி..."

"வாசல்ல நின்னவரு எனக்கு யாரு மதினி? அவரு கட்சிக்காரரு, கட்சி வேலை பாத்தாரு. தெரியாதுன்னு சொன்னது அவரில்லையே."

மீனாட்சியம்மாள் இதை ஒரு வார்த்தை குறைக்காமல் வந்து சொன்னார். வன்னியபெருமாள் பட்டுச் சேலையைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கோடிச் சேலையும் அதே பெட்டியில்தான் இருக்கிறது.

வருகிற வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு முகூர்த்தம். ராமசுப்பு முதல் பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். வன்னியபெருமாள் அன்றைக்குக் கீழக்காட்டு உழவுக்கு இரண்டு ஏர் வரச் சொல்லியிருக்கிறார்.