நான் விழுந்த வாய்க்கால்

தச்சநல்லூரில் ஒரு சர்வே அலுவலகத்தில் கணினியில் வரைபடம் போடுவது என் வேலை. படத்தில் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி அடுக்கு, அதாவது லேயர்: சாலைக்கு ஒரு லேயர், கட்டடத்துக்கு ஒன்று, மின்கம்பத்துக்கு ஒன்று. எதில் சேர்ப்பதென்று தெரியாததைப் போட்டுவைக்க 'பிறகு பார்ப்போம்' என்றும் ஒரு லேயர் உண்டு. அதைத் தொடங்கியவன் நான்தான். பிறகு ஒருநாளும் பார்த்ததில்லை.

சேரன்மகாதேவிப் பக்கம் புதுச் சாலைக்காக அளந்த வரைபடத்தை நிலத்தகவல் தரவுத்தளக் கோப்பாக மாற்றிக் கொடுக்க வேண்டியிருந்தது. வரைபடத்தில் ஒரு கோடு வெறும் கோடாகவே காலம் தள்ளலாம். தரவுத்தளம் விடாது. நீ சாலையா, வேலியா, அகலம் எவ்வளவு என்று விசாரித்துத்தான் உள்ளே விடும். அதிலும் வேலை கொடுத்தவர்களின் பட்டியலில் உள்ள லேயர்கள் மட்டும்தான் போகும். மாற்றி முடித்ததும் பிழை ஒன்றுமில்லை என்றது கணினி. என் வேலையை யாராவது அப்படிச் சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். திறந்து பார்த்தேன். ஒரு வாய்க்காலைக் காணோம்.

அந்த வாய்க்கால் எனக்கு மறக்காது. அளவுக் கம்பு பிடிக்க ஆள் போதாமல் நானும் அளக்கப் போன அன்று வரப்பில் பின்னோக்கி நடந்து காட்டுகிறேன் பேர்வழி என்று அதில்தான் விழுந்தேன். வயல்காரம்மா கைகொடுத்துத் தூக்கிவிட்டுக் கேட்டார்.

"ரோடு வந்தா இதுக்கு அடியில ஒரு குழாயாவது விடுவாகளா தம்பி? என் வயலுக்கு இந்தத் தண்ணிதான்."

"படத்துல இருந்தா விட்டுத்தானம்மா ஆகணும். நான் போட்டுருதேன்."

போட்டேன். 'பிறகு பார்ப்போம்' லேயரில்.

முதலாளி அண்ணாச்சியிடம் போய் ஒப்புக்கொண்டேன்.

"பட்டியல்ல பெரிய கால்வாய்தான இருக்கு. இத எதுலவே சேப்பீரு?"

"புதுசா ஒரு லேயர் அண்ணாச்சி."

"திருப்பி அனுப்பிருவாக."

"அனுப்பட்டும்."

"ஏம்வே, நீரு விழுந்த எடத்தையெல்லாம் படத்துல போடணும்னா ஜில்லா முழுக்கல்லா போடணும்."

"மத்த எடத்துல விழுந்தப்ப நான் யாருக்கும் வாக்கு குடுக்கல அண்ணாச்சி."

கோப்பு திரும்பி வந்தது, பட்டியலில் இல்லாத லேயரை நீக்கவும் என்ற குறிப்போடு. நீக்கவில்லை. அதையே மறுபடி அனுப்பினேன். இந்த முறை போனே வந்தது.

"செயற்கைக்கோள் படத்துல அங்கன மரநிழல்தான் சார் தெரியுது. வாய்க்கா இருக்குன்னு என்ன ஆதாரம்?"

ஆதாரம் இருந்தது. அன்று என்னைத் தூக்கிவிடாமல் செல்போனை எடுத்த சக ஊழியரிடம், அழித்துவிடும்படி ஒரு மாதமாக நான் கெஞ்சிக்கொண்டிருந்த படம். தரவுத்தளத்தில் ஒவ்வொரு கோட்டோடும் ஒரு புகைப்படத்தை இணைக்கலாம். நானே கேட்டு வாங்கி இணைத்தேன்.

"மானம் போயிரும்வே," என்றார் அண்ணாச்சி.

"அது போய் ரொம்ப நாளாச்சு அண்ணாச்சி. அந்தம்மாவுக்குத் தண்ணி நிக்கக் கூடாது."

மூன்றாவது முறை கோப்பு திரும்பவில்லை. பின்னர் வந்த சாலைப் படத்தில் அந்த இடத்தில், அடியில் தண்ணீர் போகச் சிறிதாக ஒரு குழாய்ப் பாலம் இருந்தது. தரவுத்தளத்தில் அந்தக் கோட்டைத் தொட்டால் இன்றும் நான் வருவேன்: சேற்றில் உட்கார்ந்தபடி, ஒரு செருப்பு மிதக்க, அளவுக் கம்பை மட்டும் நனையாமல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு. யார் சொன்னாலும் நீக்குவதாக இல்லை.